பழைய மாருதி 800: காலடியில் தண்ணீர், ஃப்ளோரில் ஓட்டை. எதை முதலில் சரிசெய்வது?

நீங்கள் கேட்டதன் சாரம் இது. 2007 மாருதி 800, திருவான்மியூரில் தெருவோரம் நிற்கிறது, தினமும் அலுவலகம் போய் வருகிறது. மழைக்குப் பிறகு முன்பக்க இடது காலடியில் தண்ணீர் நிற்கிறது. தரை விரிப்பைக் கிளப்பிப் பார்த்தால் தகடு பொரிந்து ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஓட்டை. ஒரு டிங்கரிங் கடையில், பழைய ஃப்ளோர் மேலேயே புதுத் தகடு போட்டு வெல்டு வைத்து அடியில் அண்டர் கோட்டிங் (வண்டியின் அடிப்பக்கத்துக்கான கருப்புக் காப்புப் பூச்சு) அடித்துவிடலாம் என்கிறார்கள். இன்னொரு கடையில் ஃபைபர் ஒட்டிப் பட்டி (பள்ளத்தை நிரப்பிச் சமன்செய்யும் பசை) போட்டால் போதும் என்கிறார்கள். இரண்டில் எது நல்லது என்பது உங்கள் கேள்வி. இரண்டுமே வேண்டாம். தண்ணீர் எந்த வழியாக உள்ளே வருகிறது என்பதையும், அதுவரை இந்த வண்டியை ஓட்டலாமா என்பதையும்தான் முதலில் கேட்க வேண்டும். இரண்டு கடைக்காரர்களும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை என்று உங்கள் விவரத்திலிருந்து தெரிகிறது.

பாதுகாப்பு பற்றி முதலில். இந்த வண்டிக்குத் தனிச் சேஸிஸ், அதாவது உடலைத் தாங்கும் தனிச் சட்டகம், கிடையாது. தரைத்தகடும் ரன்னிங் போர்டும் (கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் உள்ளீடற்ற சட்டம்) குறுக்குச் சட்டங்களும் சேர்ந்ததுதான் சேஸிஸ். ஆனாலும் எல்லா இடத்து ஓட்டையும் ஒன்றல்ல. தட்டையான தரையின் நடுவில் நாணயம் அளவு ஓட்டை இருப்பதால் வண்டி நாளைக்கே முறிந்துவிடாது. சீட் ரெயில் போல்ட் இறங்கும் இடம், சீட் பெல்ட் போல்ட் இறங்கும் இடம், ரன்னிங் போர்டின் உட்பக்கம், ஜாக்கி வைக்கும் இடம், முன் ஷாக் அப்சார்பரின் மேல்முனை உட்காரும் கிண்ணம், முன்சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்ம் இணையும் இடம், ஸ்டியரிங் பாக்ஸ் பிடிக்கும் இடம், பின் ஆக்சிலைப் பிடிக்கும் இடங்கள் ஆகியவற்றைத் தனியாகப் பாருங்கள். பழைய ஸ்க்ரூட்ரைவரால் அங்கே அழுத்திக் குத்துங்கள். நல்ல தகடு அசையாது. முனை உள்ளே இறங்கினாலோ, சுத்தியலால் தட்டும்போது ‘டங்’ என்று கேட்காமல் மந்தமாகக் கேட்டாலோ, வெல்டு வேலை முடியும்வரை வண்டியை எடுக்காதீர்கள். ஏற்கெனவே யாராவது பட்டி போட்டு மறைத்திருக்கிறார்களா என்று அறிய ஒரு சின்னக் காந்தம் போதும். பட்டி தடிப்பாக இருக்கும் இடத்தில் ஒட்டாது. படத்தை வைத்து இதையெல்லாம் யாராலும் சொல்ல முடியாது, வண்டியை லிஃப்டில் ஏற்றிக் கையால் தொட்டுப் பார்த்தவர்தான் சொல்ல முடியும். அப்போதே வண்டிக்கு அடியில் ஓடும் பிரேக் குழாய்களையும் துடைத்துப் பாருங்கள். மேல்துரு பரவாயில்லை. செதில் செதிலாக உரிந்து குழி விழுந்திருந்தால் ஃப்ளோரைவிட அதுதான் அவசரம். துண்டு போட்டு ஒட்டாமல் முழுக் குழாயையும் மாற்ற வேண்டும். இன்னொன்று, ஓட்டை வழியாகச் சைலன்சர் புகை உள்ளே வரலாம். வேலை நடக்கும்வரை அந்த இடத்தைத் துடைத்து உலர்த்தி, அலுமினிய முதுகுள்ள பியூட்டைல் டேப்பை ஒட்டி வையுங்கள். அது தற்காலிகம்தான், பிறகு உரித்து எடுத்துவிடலாம்.

இனி தண்ணீர். இடது முன் காலடி என்பதால் சந்தேகப்பட வேண்டிய வழிகள் ஐந்தாறுதான். எப்போது நனைகிறது என்று கவனித்தாலே பாதி வடிகட்டிவிடலாம். மழையே இல்லாமல் ஏசி போட்டு ஓட்டிய நாளில் ஈரம் இருந்தால் அது ஏசி தண்ணீர். டாஷ்போர்டின் இடப்பக்கம், குளோவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் கூலிங் காயிலில் படியும் நீர் ஒரு சின்ன ரப்பர் குழாய் வழியாக வெளியே சொட்ட வேண்டும். சென்னை ஈரப்பதத்தில் இருபது நிமிடம் ஏசி ஓடியும் வண்டிக்கு அடியில் சொட்டவில்லை என்றால் குழாய் தூசியால் அடைத்திருக்கிறது, அல்லது கழன்று உள்ளேயே ஊற்றுகிறது. அடியிலிருந்து மெல்லிய, முனை மழுங்கிய கம்பியை மெதுவாக விட்டுச் சுத்தம் செய்தால் போதும், செலவே இல்லை. நிறுத்தியிருந்த வண்டி மழையில் நனைந்து காலையில் ஈரம் இருந்தால் வழி மேலே இருக்கிறது: முன்கண்ணாடி ரப்பர், வைப்பருக்குக் கீழே காற்று உள்ளே போகும் பள்ளம், அல்லது கதவு. தேங்கிய தண்ணீரில் ஓட்டிய பிறகு மட்டும் நனைந்தால் வழி கீழே: தரையின் ரப்பர் அடைப்பான்கள், கேபிள் நுழையும் ரப்பர் வளையங்களான குரோமெட்டுகள், இப்போது அந்த ஓட்டையும்தான். ஹீட்டர் உள்ள வண்டியில் ஈரம் பிசுபிசுப்பாக, நிறத்தோடு, இனிப்பு வாடையோடு இருந்தால் அது மழைநீரே அல்ல, கூலண்ட்.

இதை உறுதிசெய்யும் முறை எளிது, பொறுமைதான் வேண்டும். முன்சீட்டுகளைக் கழற்றுங்கள். கார்ப்பெட்டையும் அதன் அடியில் உள்ள ஃபெல்ட்டையும் முழுதாக வெளியே எடுங்கள். உங்கள் வண்டியில் ஆக்சசரீஸ் கடையில் போட்ட ஃப்ளோர் லேமினேஷன் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதுதான் இந்தக் கதையின் வில்லன் என்பது என் கருத்து. மேலே ஒரு சொட்டுகூட இறங்காத வினைல் விரிப்பு, அடியில் தண்ணீர் குடிக்கும் பஞ்சு. ஓரம் வழியாக உள்ளே போன ஈரம் மேலே எழ வழியில்லை. மேல்பக்கம் உலர்ந்து பளபளப்பாகத் தெரிய, கீழே தகடு வாரக்கணக்கில் நனைந்தே கிடக்கும். தகடு ஈரமாக இருக்கும் நேரம் நீள நீளத் துருவும் கூடும், அதில் கடற்கரை உப்பும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். உப்பு காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால், மழை இல்லாத நாளிலும் துரு நிற்பதில்லை.

உள்ளே எல்லாம் உலர்ந்ததும், சந்தேகமுள்ள இணைப்புகளின் ஓரம் முகப்பவுடர் தூவுங்கள் அல்லது டிஷ்யூ காகிதம் ஒட்டுங்கள். ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்கார, மற்றவர் வெளியே சாதாரணத் தோட்டக் குழாயால் அழுத்தம் இல்லாமல் தண்ணீர் விட வேண்டும். கீழிருந்து மேலாக வாருங்கள்: முதலில் ரன்னிங் போர்டு, பிறகு கதவின் கீழ்ப்பாதி, கதவுக் கண்ணாடி, வைப்பர் பள்ளம், முன்கண்ணாடியின் கீழ் மூலை, பக்கம், மேல் விளிம்பு, கடைசியாகக் கூரையின் மழைநீர்க் கால்வாய். ஒவ்வோர் இடத்திலும் ஐந்து நிமிடம். மேலிருந்து தொடங்கினால் எல்லாம் ஒரே நேரத்தில் நனைந்து, எது வழி என்று தெரியாமல் போகும். வாட்டர் வாஷ் கடை பிரஷர் கன் இதற்கு உதவாது; நல்ல ரப்பரையும் தாண்டித் தண்ணீரைத் தள்ளிவிடும். ஒன்று கண்டுபிடித்தவுடன் நிறுத்திவிடாமல் கடைசிவரை போங்கள். இந்த வயது வண்டியில் ஒரே ஒரு ஒழுக்கு இருந்தால் அது அதிர்ஷ்டம்.

800-இல் முன்கண்ணாடி ரப்பர் பீடிங்கில் உட்கார்ந்திருக்கிறது, பசையால் ஒட்டியது அல்ல. வெயிலில் அந்த ரப்பர் கெட்டியாகிச் சுருங்கும், கீழ் மூலைகளில் தண்ணீர் தேங்கும், ரப்பருக்கு உள்ளே மறைந்திருக்கும் தகட்டு விளிம்பு துருப்பிடித்து வீங்கும், வீக்கம் ரப்பரை இன்னும் தூக்கிவிடும். வெளியே சிலிக்கான் பிதுக்கி விடுவதுதான் எல்லோரும் செய்வது. வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் காயும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும், வெறும் தகட்டில் பட்டால் துருவைத் தூண்டும். அது பட்ட இடத்தில் பிறகு பெயிண்ட்டும் பிடிக்காது. சரியான வழி, கண்ணாடியைக் கழற்றி, விளிம்பைச் சுரண்டி, எபாக்சி பிரைமரும் பெயிண்ட்டும் அடித்து, புது ரப்பர் போடுவது. ரப்பரின் பள்ளத்தில் நைலான் கயிறு ஓடவிட்டு, சோப்புத் தண்ணீர் தடவிக் கண்ணாடியை வெளியே வைத்து அழுத்திப் பிடிக்க, உள்ளிருந்து கயிற்றை இழுத்தால் ரப்பரின் உதடு விளிம்பின் மேல் ஏறி உட்காரும். ரப்பருக்கும் தகட்டுக்கும் நடுவே, காயாமல் மெழுகுபோல் இருக்கும் கண்ணாடி மாஸ்டிக் ஒரு வரி. விளிம்பு நன்றாக இருந்து ரப்பர் மட்டும் லேசாகத் தூக்கியிருந்தால், கழற்றாமலே உதட்டைத் தூக்கி மாஸ்டிக் விட்டுப் பார்க்கலாம். சில வண்டிகளில் அது ஒரு மழைக்காலம் தாங்குகிறது, சிலவற்றில் தாங்குவதில்லை. அதை நம்பி மேலே பெயிண்ட் செலவு செய்யாதீர்கள்.

கதவில் பலரும் தவறவிடும் விஷயம் ஒன்று உண்டு. கண்ணாடி வழியாகக் கதவுக்குள் தண்ணீர் போவது இயல்பு. கீழ் விளிம்பில் உள்ள துளைகள் வழியாக வெளியேறிவிடும். அது கேபினுக்குள் வராமல் தடுப்பது டோர் பேடுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாள். ஸ்பீக்கர் போட்டவரோ பவர் விண்டோ மாட்டியவரோ அதைக் கிழித்து எறிந்திருப்பார். அப்புறம் தண்ணீர் பேடின் அட்டையில் இறங்கி, ஊறி, ரன்னிங் போர்டைத் தாண்டித் தரைக்கு வரும். டோர் பேடின் கீழ் ஓரம் உப்பியிருந்தால் இதுதான் காரணம். தடித்த பாலித்தீன் தாளை அளவாக வெட்டி, பியூட்டைல் டேப்பால் சுற்றிலும் ஒட்டுங்கள். கீழ் ஓரத்தை மட்டும் கதவின் உள்துளைக்குள் மடித்து விட வேண்டும், வழியும் நீர் கதவுக்குள்ளேயே விழும்படி. கீழ்த் துளைகளில் இருக்கும் மண்ணைக் கேபிள் டை விட்டு எடுங்கள். ஸ்க்ரூட்ரைவர் பெயிண்ட்டைக் கீறி அடுத்த துருவுக்கு வழி செய்யும். கதவு பீடிங்குக்கு ஒரு காகிதத் துண்டை வைத்துக் கதவை மூடி இழுத்துப் பாருங்கள், எளிதாக வரும் இடத்தில் பிடி இல்லை. வைப்பர் பள்ளத்தில் மர இலைகளை அள்ளுவதும், காய்ந்துபோன குரோமெட்டுகளையும் தரை அடைப்பான்களையும் மாற்றுவதும் அரை நாள் வேலை. 800 உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டாலும் இந்த ரப்பர்கள் சென்னையின் உதிரிபாகக் கடைத்தெருவான ஜி.பி. ரோட்டில் கிடைக்கும். புதுப்பேட்டையில் பழைய ரப்பர் வாங்காதீர்கள், அதுவும் உங்கள் ரப்பர்போல வெயிலில் வெந்ததுதான்.

மேலே பட்டியலிட்ட இடங்கள் எல்லாம் கெட்டியாக இருந்தால், ஒழுக்கை அடைத்த பிறகு உடனே வெல்டிங்குக்குப் போக வேண்டாம். கார்ப்பெட் இல்லாமல், சீட்டை மட்டும் போல்ட் போட்டு, இரண்டு மழை பார்க்கும்வரை அப்படியே ஓட்டுங்கள். சத்தம் கூடும், அவ்வளவுதான். தரை வெறும் தகடாக இருப்பதால் ஈரம் வந்தால் உடனே தெரியும், எங்கிருந்து வழிகிறது என்று தடமும் தெரியும்.

இப்போது தகடு. ஓட்டை நாணயம் அளவு தெரிகிறது என்றால் வெட்ட வேண்டியது உள்ளங்கை அளவுக்குக் குறையாது. தரையில் ஒட்டியிருக்கும் தார்ச் சத்தம்தடுப்புத் தாள் எங்கெல்லாம் தூக்கிக்கொண்டிருக்கிறதோ அங்கெல்லாம் அடியில் துரு இருக்கும், சுரண்டி எடுங்கள். பொரிந்த துருவை உளியால் தட்டிவிட்டு, குடிக்கிற தரத்து நல்ல நீரில் இரண்டு மூன்று முறை கழுவித் துடைத்து உலர்த்துங்கள். குழிகளில் தங்கிய உப்பு கிரைண்டருக்கு அசையாது, நீரில்தான் கரையும். அதை விட்டுவிட்டால் பெயிண்ட்டுக்கு அடியில் கொப்புளம் வரும். கடற்கரைப் பக்கத்து போர் தண்ணீர் இதற்கு ஆகாது. பிறகு 80 நம்பர் ஃப்ளாப் டிஸ்க்கால் பளபளக்கும் இரும்பு வரும்வரை தேய்க்க வேண்டும். கம்பி பிரஷ் மட்டும் போட்டால் துரு மெருகேறிக் கருப்பாகப் பளபளக்கும், சுத்தமானதுபோல் ஏமாற்றும்.

பழைய தகட்டின் மேல் புதுத் தகடு போடுவது ஏன் கூடாது என்றால், இரண்டுக்கும் நடுவே துருவும் ஈரமும் உப்பும் அடைபட்டுவிடும். அங்கே பிரஷ் போகாது, பெயிண்ட் போகாது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பதால் இரண்டு தகட்டையும் பிளந்துகொண்டு வரும். அடியில் அடித்த கருப்பு அண்டர் கோட்டிங் அதையும் கண்ணிலிருந்து மறைத்துவிடும். ஃபைபரும் பட்டியும் இன்னும் மோசம். பாலியஸ்டர் பட்டி ஈரத்தை உறிஞ்சும். நல்ல தகட்டின் மேல் இரண்டு மூன்று மில்லிமீட்டர் சமன்செய்ய மட்டும்தான் அது, ஓட்டையை மூட அல்ல.

எனவே வெட்டுங்கள். கெட்டுப்போன பகுதியைத் தாண்டி, தடிமன் குறையாத தகடு வரும்வரை; மூலைகளை வளைவாக விடுங்கள், கூர் மூலையில் விரிசல் தொடங்கும். அட்டையில் அச்சு எடுத்து, 20 கேஜ் கோல்டு ரோல்டு தகட்டில் அதைவிடச் சுற்றிலும் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் கூடுதலாக வெட்டி, பழைய தகட்டின் வளைவுக்குத் தட்டிப் பொருத்துங்கள். 20 கேஜ் என்பது சுமார் 0.9 மில்லிமீட்டர், உடல் தகட்டின் தடிமனுக்கு இது பொருந்தும். ஒன்றன்மேல் ஒன்று படியும் இரு முகங்களிலும் வெல்டு செய்யக்கூடிய துத்தநாக பிரைமர் அடிக்க வேண்டும். கால்வனைஸ்டு தகடு போடுவதாகச் சொன்னால் வெல்டு ஓரத்தில் துத்தநாகத்தைத் தேய்த்துவிடச் சொல்லுங்கள், அந்தப் புகை காய்ச்சலும் நடுக்கமும் தரும்.

வெல்டிங் மிக் மெஷினில்தான் (கம்பியைத் தானே ஊட்டி வெல்டு செய்யும் மெஷின்), 0.6 அல்லது 0.8 மில்லிமீட்டர் கம்பியில். குச்சி ஆர்க் வெல்டிங் இந்தத் தகட்டை உருக்கி ஓட்டை போடும். கேஸ் வெல்டிங்கில் பித்தளையை உருக்கி ஒட்டுவது சிறு கடைகளில் வழக்கம்; வெப்பம் அகலமாகப் பரவிச் சுற்றியுள்ள தகட்டைக் கோணலாக்கும், பெயிண்ட்டை எரிக்கும், பித்தளை ஒட்டத் தடவும் ஃப்ளக்ஸைக் கழுவாமல் விட்டால் அது மறுபடி துருவைக் கிளப்பும். ஒரே கோடாக இழுக்காமல், இரண்டரை சென்டிமீட்டர் இடைவெளியில் எதிரெதிர்ப் பக்கங்களில் மாற்றி மாற்றிப் புள்ளி வைத்து, ஆறவிட்டு, நடுவை நிரப்ப வேண்டும். பாப் ரிவெட்டும் சீலண்டும் போட்டு ஒட்டலாமா என்று சிலர் கேட்பதுண்டு. தட்டைத் தரையின் நடுவில், இரும்பு சுத்தமாக இருந்தால், தண்ணீர் வருவது நிற்கும் என்றுதான் சொல்வேன்; வலிமை திரும்பும் என்று சொல்ல மாட்டேன். மேலே பட்டியலிட்ட போல்ட் இடங்களுக்கும் ரன்னிங் போர்டுக்கும் அது கூடவே கூடாது.

தீப்பொறி விஷயத்தில் கடைக்காரரை நம்பி நிற்காதீர்கள். பேட்டரி நெகட்டிவைக் கழற்ற வேண்டும். உங்கள் வண்டி எம்பிஎஃப்ஐ, அதாவது பெட்ரோலை மின்னணு முறையில் பீய்ச்சும் வகை; அதைக் கட்டுப்படுத்தும் இசியு என்ற சின்னக் கம்ப்யூட்டர் இருக்கிறது. எர்த் கிளாம்ப் வெல்டு செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே பிடிக்க வேண்டும். பெட்ரோல் டேங்க் பின்னால் இருந்தாலும் பெட்ரோல் குழாய் அடியில்தான் ஓடுகிறது. வெல்டு இடத்துக்கு அருகில் வந்தால் கழற்றி அடைத்துவிட வேண்டும். ஃபெல்ட், தார்த் தாள், வயர் கட்டு எல்லாம் விலகியிருக்க, ஒருவர் தண்ணீர் வாளியோடு மறுபக்கம் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். சேஸிஸ் எண் பொறித்த இடத்தில் கிரைண்டர் படவே கூடாது.

வெட்டத் தேவையில்லாத, குழிவிழுந்த ஆனால் கெட்டியான இடங்களுக்கு ரஸ்ட் கன்வெர்டர் போடலாம். டானிக் அமில வகை துருவைக் கருப்பாக மாற்றும், பாஸ்பாரிக் வகை சாம்பல் நிறமாக்கும். மெல்லிய, ஒட்டிப்பிடித்த துருவில்தான் இரண்டும் வேலை செய்யும்; செதிலுக்கு மேலே தடவினால் மேல்தோல் மட்டும் மாறும். பாஸ்பாரிக் வகைக்குப் பின் எபாக்சி அடிப்பதாக இருந்தால் டப்பாவில் சொன்னபடி கழுவி உலர்த்துவது முக்கியம், மிச்ச அமிலம் எபாக்சியைச் சரியாக இறுகவிடாது. எவ்வளவு நாள் தாங்கும் என்று இதில் யாரும் உறுதி தர முடியாது. தேய்த்து எடுக்க முடிந்த இடத்தில் தேய்த்தே எடுங்கள்.

பிறகு வரிசை: இரு பாகக் கலவை எபாக்சி பிரைமர் இரண்டு கோட்டிங், இணைப்புகளில் மேலும் கீழும் பியூ (பாலியூரிதேன்) சீம் சீலண்ட், அதன்மேல் பியூ பெயிண்ட், கீழ்ப்பக்கத்துக்கு மட்டும் கடைசியாக ரப்பர் கலந்த அண்டர் கோட்டிங். ரெட் ஆக்சைடு மட்டும் அடித்து முடிப்பது ஜன்னல் கம்பிக்குச் சரி, காரின் அடிவயிற்றுக்குப் போதாது. காற்றில் ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல் இருக்கும்போது பிரைமர் அடிக்கக் கூடாது. சென்னையில் அதற்கு முற்பகல் பதினொன்றிலிருந்து மாலை நான்குக்குள் அடிப்பது நல்லது, ஐப்பசி கார்த்திகையில் இந்த வேலையையே தொடாமல் இருப்பது அதைவிட நல்லது. அண்டர் கோட்டிங் வடிகால் துளைகளையும், சைலன்சரையும், பிரேக் பாகங்களையும், ரப்பர் புஷ்களையும் மூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஓட்டிய இன்ஜின் ஆயிலை அடியில் அடிக்கச் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதில் எரிந்த அமிலக் கழிவு இருக்கிறது, ரப்பரை ஊற வைக்கும், தெருவிலும் சொட்டும். வேண்டாம்.

வெல்டிங்கின் சூடு ரன்னிங் போர்டின் உள்பக்கப் பூச்சை எரித்திருக்கும், அங்கே பிரஷ் எட்டாது. அதற்குத்தான் கேவிட்டி வேக்ஸ் என்ற, உள்ளறைகளில் துருவைத் தடுக்கும் மெழுகு: நீளக் குழாயும் சுற்றிலும் பீய்ச்சும் முனையும் கொண்டது. எல்லா வேலையும் முடிந்து பெயிண்ட் காய்ந்த பிறகு ரன்னிங் போர்டு, கதவுகளின் அடி, குறுக்குச் சட்டங்களின் உள்ளே அடித்து, வழிந்து துளைகளை அடைத்ததைக் கம்பியால் திறந்துவிடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை செப்டம்பரில் திரும்ப அடித்தால் போதும்.

செலவு செய்வதா விடுவதா என்ற கேள்விக்கு: வேலை தரையில் ஓர் ஒட்டும் முன்கண்ணாடிக்கு ஒரு ரப்பரும் மட்டும்தான் என்றால் தயங்காமல் செய்யுங்கள். இரு பக்க ரன்னிங் போர்டும் உள்ளே பொடிந்து, ஷாக் கிண்ணமும் விரிந்திருந்தால் இந்த உடலில் பணம் போட வேண்டாம். 2007 வண்டிக்கு 15 ஆண்டு முடிந்து 2022-இல் ஆர்சி புதுப்பித்திருப்பீர்கள். ஐந்து ஆண்டுக் கணக்கில் அடுத்தது 2027. அந்தத் தகுதிச் சோதனைக்கு முன்பே வெல்டு வேலையை முடித்து, வெட்டியபோதும் தகடு பொருத்தியபோதும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அண்டர் கோட்டிங்குக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பிறகு யார் கேட்டாலும் காட்டலாம். தரைக்குப் பழைய கார்ப்பெட்டைத் துவைத்துக் காய வைத்துப் போடுங்கள், ஊறிப்போன ஃபெல்ட்டைத் தூக்கி எறியுங்கள், லேமினேஷன் மறுபடி வேண்டாம். தனித்தனியாக எடுத்து உதறக்கூடிய ரப்பர் மேட் போதும்.